ஆம்பூர் ஏழுமலை பார்த்த கதை

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தபால் பையை என் மேசையில் கொட்டினார்கள். முதலில் கண்ணில் பட்டது சிவப்பு மை. ஓர் அஞ்சலட்டை, முகவரி உட்பட முழுவதும் சிவப்பு. திருப்பிப் படித்தேன். ‘ஆம்பூர் ஏழுமலை எந்தக் கிரகத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்? அந்தக் கிரகத்துக்கு வேலூரிலிருந்து பஸ் உண்டா? இப்படிக்கு, குடியாத்தம் பார்த்திபன்.’

அடுத்த அட்டையும் ஏழுமலையைப் பற்றியதுதான். அதற்கடுத்ததும். வாணியம்பாடி, ராணிப்பேட்டை, காட்பாடி என்று ஊர்தான் மாறியது. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஏழுமலை தொடரைப் பார்க்காமலேயே கருத்து எழுதுகிறார்.

எங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர்மீது சொல்லக்கூடிய பெரிய குற்றம் அதுதான்.

நான் வேலை பார்த்த நாளிதழின் வேலூர் பதிப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ‘பார்த்தவர் பக்கம்’ என்று ஒன்று வந்தது. படங்கள், டிவி தொடர்கள் பற்றி வாசகர்கள் எழுதும் கருத்துகளுக்கான பக்கம். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது அதே அலுவலகத்தில் சினிமாச் செய்திகளைக் கவனிக்கும் கவிதா சென்ற மாதம் போனில் கேட்டாள்: “மேடம், இப்ப படம் வர்றதுக்கு முன்னாடியே ரிவ்யூ வந்துடுது. நீங்கல்லாம் எப்படி செக் பண்ணீங்க?” அவளுக்குப் போனில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

வேலையைக் கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் மழை அளவும் தோல் விலையும் இறப்புச் செய்தியும் எழுதினேன். பிறகு மாணிக்கம் சார் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, “எஸ்தர், நீங்க டிவி பார்ப்பீங்களா?” என்றார். பார்ப்பேன் என்றேன். “இனிமே வேலைன்னு நெனச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் செய்தி ஆசிரியர். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஒவ்வொரு கருத்தையும் நின்றபடியே, ஏற்ற இறக்கம் இல்லாமல், பஸ் நேரம் வாசிப்பதுபோல் வாய்விட்டுப் படிப்பார். படித்து முடித்ததும் ஒரே கேள்வி: “பார்த்தாரா?” நான் ஆம் என்றால் அச்சுக்குப் போகும். தெரியவில்லை என்றால் குப்பைக்குப் போகும். கருத்து நல்லதா, கெட்டதா, நடிகரைத் திட்டுகிறதா என்பதையெல்லாம் அவர் கேட்டதே இல்லை. வாசகரின் வார்த்தையை நாங்கள் அழகாக்கக் கூடாது. ‘படம் சுமார்’ என்று எழுதினால் சுமார்தான்.

பார்த்தாரா என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எழுதுகிறவர் எந்த ஊர், எந்தத் தியேட்டர் அல்லது யார் வீடு, எந்த நாள் என்று சொல்ல வேண்டும். படத்தில் அவர் மட்டும் கவனித்திருக்கக்கூடிய ஒரு விஷயத்தையும் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் நானே போய்ப் பார்ப்பேன். பார்க்காமல் எழுதியது உறுதியானால் அந்தப் பெயர் பிறகு எங்கள் பக்கத்தில் வராது.

இந்த விதியால் எங்களுக்கு நல்ல ஆட்கள் கிடைத்தார்கள். ஆற்காட்டில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர் துப்பறியும் தொடர்களை மட்டும் பார்ப்பார். கொலை நடந்த அறையில் சுவர்க் கடிகாரம் காட்சிக்குக் காட்சி முன்னும் பின்னும் ஓடுவதை எழுதி, ‘இந்த வீட்டில் முதலில் பிடிக்க வேண்டியது கடிகாரத்தை’ என்று முடிப்பார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் பேய்ப் படங்களில் தேர்ந்தவர். ‘செத்தவர்களை நாங்கள் தினம் பார்க்கிறோம். யாரும் இவ்வளவு மேக்கப்போடு போவதில்லை’ என்று அவர் எழுதியது பல வாரம் ஊரில் பேசப்பட்டது.

ஆம்பூர் ஏழுமலை இவர்களில் மூத்தவர். தோல் தொழிற்சாலை ஒன்றில் ஷேவிங் மெஷின் ஓட்டினார். தோலை ஒரே கனமாகச் சீவித் தள்ளுகிற மெஷின் அது. பழைய தொடர்கள் மறுஒளிபரப்பாகும்போது அவர் எழுதும் அட்டைக்காக நானே காத்திருப்பேன். மற்றவர்கள் வசனத்தைப் பற்றி எழுதுவார்கள். அவர் வசனம் பேசாதவர்களைப் பற்றி எழுதுவார். ‘மருமகள் அழும்போது பின்னால் நிற்கும் வேலைக்காரி தட்டைத் துடைத்ததையே மறுபடி துடைக்கிறாள். நல்ல நடிப்பு. பெயர் என்ன?’ என்று கேட்டிருந்தார். ஒரு முறைகூடக் கதையைத் தவறாகச் சொன்னதில்லை. அவருடைய அட்டையை மாணிக்கம் சார் முழுவதும் படிக்க மாட்டார். “ஏழுமலையா? போடுங்க” என்பார்.

பிறகு அந்த விண்வெளித் தொடர் வந்தது. வெளிநாட்டுத் தொடர், தமிழில் குரல் கொடுத்தது, ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு. வழி தவறிப்போன ஒரு விண்கலம், அதில் ஒரு கேப்டன், ஒரு டாக்டரம்மா, ஓர் இயந்திர மனிதன், ஒரு வயதான மெக்கானிக். எங்கள் பக்கம் முழுக்க ராக்கெட்டாக மாறியது. அந்தக் கலத்துக்கு டீசல் எங்கே போடுகிறார்கள் என்று ஒரு லாரி டிரைவர் கேட்டார். அதற்குப் பதில் எழுதியே மூன்று பேர் பகையானார்கள்.

பிரச்சினையான வாரத்தில் நடந்த கதை இது. மெக்கானிக் எதிரிகளுக்கு ரகசியமாகச் சமிக்ஞை அனுப்பிய துரோகி என்று தெரிகிறது. அவரை ஆளில்லாத ஒரு கிரகத்தில் இறக்கிவிட்டுக் கலம் போய்விடுகிறது. ஏழுமலை எழுதியது இப்படி:

‘பெரியவருக்கு உடம்பு முடியவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று கேட்டார். கொண்டுபோய் விட்டார்கள். கேப்டன் கடைசிவரை அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவார். டாக்டரம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். வேலையிலிருந்து ஓர் ஆளை அனுப்பினால் இப்படி அனுப்ப வேண்டும்.’

வேலூரில் அன்று கரண்ட் இல்லை. அலுவலகத்தில் யாரும் அந்தப் பகுதியைப் பார்க்கவில்லை. ஏழுமலை என்பதால் போட்டோம். வெள்ளிக்கிழமை அச்சில் வந்தது. திங்கட்கிழமை சிவப்பு மை வந்தது.

மாணிக்கம் சார் எல்லா அட்டைகளையும் நின்றபடி படித்தார். பார்த்திபனின் கிரகத்துக்கும் சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஆம்பூர் போங்க எஸ்தர். அவர் வீட்டுல உட்கார்ந்து கூடவே பாருங்க. ஒண்ணும் கேட்காதீங்க. பாருங்க, போதும்.”

“பார்க்காம எழுதியிருந்தா சார்?”

“அப்ப ஏழுமலைன்னு ஒருத்தர் நம்ம பக்கத்துல இல்லை” என்றார்.

ஆம்பூரில் அவர் வீடு பள்ளிவாசலுக்கு அடுத்த சந்தில் இருந்தது. கதவு திறந்திருந்தது. ஐம்பதை நெருங்கும் மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, விரல் நகங்களின் ஓரத்தில் போகாத நீலக் கறை. நான் யார் என்று சொன்னதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

“சாந்தி! பேப்பர் மேடம் வந்திருக்காங்க பாரு! நம்ம வூட்டுக்கு!”

குரல் தேவைக்கு மேல் பெரியது. மெஷினில் நிற்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி சாந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வாங்கக்கா. இந்த ராக்கெட்டுக்காகவா இவ்ளோ தூரம்? எனக்கு அது புடிக்காது. ஒருத்தனும் சோறு துன்ன மாட்டேங்குறான். மாத்திரையை முழுங்கிட்டு சண்டைக்குப் போறானுங்க.”

ஏழுமலை சிரித்தார். “இவளை நம்ம பக்கத்துல எழுதச் சொல்லுங்க மேடம்.”

தொடர் ஆரம்பித்தது. அவர் தரையில், டிவிக்கு மிக அருகில், சற்று ஓரமாக உட்கார்ந்தார். நான் நாற்காலியில். பையிலிருந்து பேனாவை எடுக்கக் குனிந்தபடியே, “தினமும் இந்த இடத்துலதான் உட்காருவீங்களா?” என்றேன். பதில் இல்லை. சாந்தி அவர் முழங்காலைத் தொட்டார். அவர் திரும்பி என்னைப் பார்த்து, “இன்னா மேடம்?” என்றார். மறுபடி கேட்டேன். உடனே பதில் வந்தது. ஒன்றும் கேட்காதீர்கள் என்று சார் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டரை வாக்கில் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஆரம்பித்தது. அந்தச் சந்தில் பாங்கு சொல்லும்போது எந்த மதத்துக்காரர் வீடாக இருந்தாலும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். சாந்தி வந்து முழுவதும் குறைத்தார். பாங்கு முடிந்தபோது அவர் சமையல்கட்டில் இருந்தார். சத்தத்தைக் கூட்ட யாரும் இல்லை. நான் எழவில்லை.

ஏழுமலை பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் இயந்திர மனிதன் ஏதோ சொன்னான், டாக்டரம்மா பதில் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏழுமலை தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“பார்த்தீங்களா மேடம்? இன்னா பேச்சு பேசறான் பாருங்க இவன்!”

சமையல்கட்டிலிருந்து வந்த சாந்தி நின்றுவிட்டார். டிவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அக்கா, கொஞ்சம் பின்னாடி வாங்க” என்றார்.

பின்பக்கம் துணி துவைக்கும் கல் இருந்தது. அதன் பக்கத்தில் நின்று சாந்தி தாழ்ந்த குரலில் பேசினார்.

“ஆறு வருஷமாச்சுக்கா. மெஷின் சத்தம். முதல்ல ஒரு காது, அப்புறம் ரெண்டும். கம்பெனிக்குத் தெரியாது. உள்ள எல்லாருமே கை ஜாடையிலயும் வாய் அசைவுலயும்தான் பேசிப்பாங்க, அதனால ஒண்ணும் தெரியலை. இப்ப வெளிநாட்டுல இருந்து தோல் வாங்குறவங்க வந்து, மெஷின்காரங்களுக்கெல்லாம் காது டெஸ்ட் வைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்களாம். கேக்காதவனை மெஷின்ல நிக்க வைக்கக் கூடாதாம். தூக்கிடுவாங்க. நீங்க பேப்பர்ல எழுதிடாதீங்கக்கா.”

நான் பதில் சொல்வதற்குள் ஏழுமலை வாசற்படியில் வந்து நின்றார். மனைவியின் வாய் அசைந்ததைத் தூரத்திலிருந்தே படித்துவிட்டார் போலிருக்கிறது.

“சொல்லிட்டியா?” என்றார். கோபம் இல்லை. என்னைப் பார்த்து, “தமிழ்ப் படம்னா வாயைப் பார்த்தே புடிச்சிடுவேன் மேடம். நம்ம பாய்ங்க பேசுற உருதும் ஓரளவு வரும். இது வேற மாதிரி இருக்குது. வாய் ஒண்ணு பேசுது, குரல் வேற ஒண்ணு பேசுதாம். அப்ப மூஞ்சியை வச்சுத்தான் கதையைப் புடிக்கணும். புடிச்சேன்” என்றார். பிறகு, “பெரியவர் நெஜமாவே துரோகியா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன், வாய் தெளிவாகத் தெரியும்படி.

“த்சு” என்றார். “தப்பா எழுதினேன்னு போடுங்க மேடம், பரவால்லை. மக்குன்னுகூட போடுங்க. பார்க்காம எழுதினேன்னு மட்டும் போடாதீங்க. ஒரு வாரம்கூட நான் பார்க்காம எழுதினதில்லை. ஷிஃப்ட்ல பசங்க எல்லாம் நம்ம பக்கத்தைப் படிக்கிறானுங்க. என் பேரைத்தான் மொதல்ல தேடுவானுங்க. ஆனா காது விஷயம் வேணாம். சோறு அதுல இருக்குது.”

திங்கட்கிழமை மாணிக்கம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும்போல் நின்றே கேட்டார். ‘தொடரைப் பார்க்கும்போது சத்தத்தில் கோளாறு இருந்தது’ என்று போட்டுவிடலாமா என்றேன்.

“பொய்யும் வேணாம். முழுசும் வேணாம்” என்றார்.

அன்று பிற்பகல் ஆசிரியர் குழு அறையில் இருந்த டிவியில் வேறொரு மொழிமாற்றுத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ காட்டு சாகசக் கதை. சார் போய்ச் சத்தத்தை முழுவதும் குறைத்தார். என்னையும் கூப்பிட்டார். அரை மணி நேரம் இருவரும் பேசாமல் பார்த்தோம். அவர் நின்றுகொண்டு, நான் உட்கார்ந்துகொண்டு.

“அந்த வெள்ளைத் தாடி யாரு?” என்றார்.

“அந்தப் பொண்ணோட அப்பா சார்.”

“எனக்கு மாமனாராத் தெரிஞ்சார். பயப்படுறா பாருங்க.”

சத்தத்தைக் கூட்டினார். வெள்ளைத் தாடிக்காரர் அந்தப் பெண்ணிடம் வேலை பார்க்கும் சமையல்காரர். அவளிடம் சம்பளம் கேட்டுக்கொண்டிருந்தார். மாணிக்கம் சார் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அப்படியே வந்தது:

‘ஆம்பூர் ஏழுமலை தொடரைப் பார்த்துத்தான் எழுதுகிறார் என்பதை எங்கள் உதவி ஆசிரியர் நேரில் உறுதிசெய்தார். மெக்கானிக்கின் கதையை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். பார்த்தவர் எவரும் இந்தப் பக்கத்தில் எழுதலாம்.’

மறுநாளே பார்த்திபன் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி மாணிக்கம் சாரைப் பார்க்க வந்துவிட்டார். பத்திர எழுத்தர், ஒல்லியான ஆள், சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

“இன்னா சார் இது? துரோகியைத் தியாகின்னு எழுதியிருக்கார். நீங்க சர்ட்டிஃபிகேட் குடுக்கறீங்க.”

“பார்த்தார், பார்த்திபன். எங்க ஆள் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தாங்க.”

“அப்ப எப்படி சார் இவ்ளோ தப்பு வரும்?”

“தப்பாப் புரிஞ்சுக்கறவங்க எழுதக் கூடாதுன்னு நம்ம பக்கத்துல விதி இல்லை. இருந்தா நீங்க போன வருஷமே போயிருப்பீங்க. அந்தக் கோர்ட் படத்துல யார் கொலைகாரன்னு எழுதுனீங்க?”

பார்த்திபன் என்னைப் பார்த்தார். நான் புரூஃப் தாளைப் பார்த்தேன். “சார், அது இடைவேளை வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு” என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரத்திலிருந்து பக்கத்தின் மூலையில் சென்ற வாரக் கதையை ஐந்தாறு வரியில் போட ஆரம்பித்தோம். கரண்ட் இல்லாத ஊர்களுக்காக என்று வாசகர்கள் நினைத்தார்கள், நன்றி தெரிவித்துக் கடிதம்கூட வந்தது. ஏழுமலையிடமிருந்து வந்த அட்டை வேறு மாதிரி இருந்தது. ‘கதைச் சுருக்கம் படித்தேன். டாக்டரம்மா கேப்டனின் தங்கை இல்லையாம். இருக்கட்டும். தங்கையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றை, மன்னிக்கவும், மாத்திரையை முதலில் அவளுக்குத்தான் கொடுக்கிறார்.’ சார் இதை முழுவதும் படித்தார். “பார்த்தாரா?” என்று கேட்கவில்லை.

சில மாதங்களில் வேறு வாசகர்களும் அதேபோல் எழுதத் தொடங்கினார்கள். கதையில் என்ன நடந்தது என்பதோடு, தங்களுக்கு எப்படித் தோன்றியது என்பதையும். பார்த்திபனே ஒரு முறை, ‘சுருக்கத்தில் உள்ள முடிவைவிட ஏழுமலையின் முடிவு தேவலை’ என்று நீல மையில் எழுதினார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஆம்பூரிலிருந்து அட்டை வருவது நின்றது. முதல் வாரம் தபால் தாமதம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் பையைக் கொட்டியதும் அவர் கையெழுத்தைத்தான் தேடினேன். மாணிக்கம் சாரும் மேசைக்கு வந்து நின்று, அட்டைகளைப் புரட்டிவிட்டுப் போனார். காது டெஸ்ட் நடந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அந்தத் தொழிற்சாலையில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஏழுமலையின் பெயரைச் சொல்லி விசாரிப்பதே அவரைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

ஒரு புதன்கிழமை சாந்தி டெலிபோன் பூத்திலிருந்து பேசினார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“அக்கா, டெஸ்ட் முடிஞ்சுதுக்கா. இவரு ஃபெயிலு.”

“அவர் எப்படி இருக்கார் சாந்தி?” என்றேன்.

“டெஸ்ட் வருதுன்னு தெரிஞ்சதுல இருந்து பேஜாராகி எழுதவே உட்காரலை. டிவியையும் போடலை. டெஸ்ட்டன்னைக்கு ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டு, காதுல ஒண்ணை மாட்டி, சத்தம் கேட்டா கையைத் தூக்குன்னாங்களாம். இவரு டாக்டர் மூஞ்சியைப் பார்த்துத் தூக்கலாம்னு போயிருக்காரு. டாக்டர் திரும்பி உக்காந்துட்டாராம்.” அவர் குரல் உடைந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. “அக்கா, இவரு மட்டும் இல்லக்கா. ஷேவிங்ல ஆறு பேரு. ஆறு பேருமே ஃபெயிலு. ஒருத்தனுக்கும் கேக்கலை. ஒருத்தனுக்குத் தெரியாம ஒருத்தன் மறைச்சு வச்சிருந்திருக்கானுங்க.”

ஆறு பேரையும் ஒரே நாளில் நிறுத்தினால் அந்த மெஷின்களை ஓட்ட ஆள் இல்லை. கப்பலுக்குப் போக வேண்டிய தோல் காத்திருந்தது. இரண்டு நாள் மேனேஜர் அறையில் பேச்சு நடந்தது. மூன்றாம் நாள் காலை ஷிஃப்ட்டுக்கு ஆறு பேரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த வாரக் கடைசியில், வாங்குபவர்களின் யோசனைப்படி, மெஷின் சத்தத்திலிருந்து பாதுகாக்க ஆறு பேருக்கும் காதில் வைத்துக்கொள்ளும் அடைப்பான் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தார்கள்.